மோட்டாருக்கு லீவு

1. முதல் தடவை இட்ட முட்டைகளை ஆண் மீன் தின்றது. நான் பள்ளிக்கும் அப்பா வேலைக்கும் போய்த் திரும்புவதற்குள் ஒன்றுகூட மிச்சமில்லை.

2. இரண்டாம் தடவை பெண் மீன் தின்றது. இதை அம்மா நேரில் பார்த்தாள். குழம்பைக் கிளறிக்கொண்டே பார்த்ததாகச் சொன்னாள்.

3. மூன்றாம் தடவை இரண்டும் சேர்ந்து தின்றன.

4. நான்காம் தடவை எதுவும் எதையும் தின்னவில்லை. முட்டைகள் தாமாகவே வெளுத்து, பஞ்சு பூத்து, கெட்டுப்போயின.

5. ஐந்தாம் தடவை பொரித்தன.

அந்த ஐந்தாம் தடவையைச் சொல்ல வேண்டுமானால் ஒரு சத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சோப்பு டப்பா அளவில் நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதன் மூக்கிலிருந்து மெல்லிய குழாய் கிளம்பி மீன் தொட்டிக்குள் இறங்கும். பிளக்கில் சொருகியதும் பெட்டி 'ர்ர்ர்' என்று அதிரும், தொட்டியின் அடியிலிருந்து குமிழிகள் வரிசையாக ஏறும். கடைக்காரர்கள் அதை 'ஏர் மோட்டார்' என்பார்கள், எங்கள் வீட்டில் வெறும் 'மோட்டார்'. அதிர்வைக் குறைக்க அப்பா சைக்கிள் டியூபைத் துண்டாக வெட்டி அதற்கு அடியில் வைத்திருந்தார். அப்படியும் அந்தச் சத்தம் சுவர் வழியாக இறங்கி, தரை வழியாக நடந்து, பாயில் படுத்திருக்கும் என் காதுக்கு வந்துவிடும். ராத்திரியில் கரண்ட் போனால் மின்விசிறி நின்றது எங்களுக்கு உறைக்காது. மோட்டார் நின்றதுதான் எழுப்பும்.

பெங்களூர் நீலசந்திராவில் ஒரு மாடி வீடு எங்களுடையது. எங்களுடையது என்றால் வாடகைக்கு. கீழே வீட்டு ஓனர் ஆன்ட்டி, மேலே நாங்கள் மூன்று பேர், ஒரு ரூம், ஒரு கிச்சன். அந்த ஒரு ரூமில் இருந்தவை: பீரோ, அம்மாவின் தையல் மெஷின், டிவி, சுருட்டி வைத்த பாய்கள், ஜன்னலுக்குக் கீழே மீன் தொட்டி. கிச்சனில் காவேரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்கள். குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், வரும்போது தெருவே விழித்துக்கொள்ளும். தொட்டிக்கு ஒரு வாளி மாற்றினால் துணிக்கு ஒரு வாளி குறைந்தது என்று அம்மாவின் கணக்கு. மீன் தொட்டியை அவள் 'உங்கப்பாவோட ரெண்டாவது குடும்பம்' என்றுதான் சொல்லுவாள். ஆன்ட்டியிடமும் அப்படியே சொல்லிவைத்திருந்தாள். அதனால் ஆன்ட்டி அப்பாவை மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் ரெண்டாவது குடும்பம் சௌக்கியமா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

அப்பா அடுகோடியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினார். சைக்கிளில் போய் சைக்கிளில் வருவார். இரும்புத் தூளும் கட்டிங் ஆயிலும் கலந்த ஒரு வாசனை அவர் சட்டையில் எப்போதும் இருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் அம்மாவால் அதை எடுக்க முடிந்ததில்லை. வந்ததும் கை கழுவுவார். சாப்பாட்டுக்காக அல்ல, தொட்டிக்காக. ஆயில் கையைத் தண்ணீருக்குள் விட்டால் 'பசங்களுக்கு' ஆகாது என்று முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு, தரையில் சம்மணம் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்வார். பகல் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும் இரும்பைப் பார்த்த கண்ணுக்கு இதுதான் மருந்து என்று சொல்லுவார். நானும் பக்கத்தில் உட்காருவேன். எங்கள் இருவருக்கும் மீன்களைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் பாட்டில்களையும் குழாய்களையும் வைத்து ஏதாவது செய்துகொண்டிருப்பார், நான் பிரவுசிங் சென்டரில் படித்ததை ஒப்பிப்பேன், இரண்டுக்கும் மீன்கள் கட்டுப்பட்டதில்லை.

ஏஞ்சல் மீன்கள் வந்தது சிவாஜிநகரிலிருந்து. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடைகளைத் தாண்டி, கூண்டுப் பறவைகள் விற்கும் சந்தில் முஸ்லிம் பாய் ஒருவர் மீன் கடை வைத்திருந்தார். தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் பைகள் கயிற்றில் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு மீன், வெயில் பட்டால் பைகள் எல்லாம் பல்புகள் மாதிரி எரியும். பழைய எட்டணாக் காசு அகலத்தில் ஆறு குட்டி ஏஞ்சல்களை அப்பா வாங்கினார். நான் ஆண் ஒன்று, பெண் ஒன்று வாங்கினால் போதாதா என்று கேட்டதற்கு, பாய் என்னைக் கேலியாகப் பார்த்தார். "ஜோடி தானா சேரணும்மா. நம்ம சேத்து வெச்சா சண்டதான்" என்றார். ஆறில் ஒரு ஜோடி சேர்வதற்குப் பல மாதங்கள் ஆயின. சேர்ந்தபிறகு அந்த இரண்டும் தொட்டியின் ஒரு மூலையைச் சொந்தமாக்கிக்கொண்டு மற்ற நான்கையும் கொத்தி விரட்டின. நான்கையும் பாயிடமே திருப்பிக் கொடுத்தோம்.

பெரிதான ஏஞ்சல் மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தட்டையாக, பிறை மாதிரி, மேலும் கீழும் நீண்ட செட்டைகளோடு, நீந்துவது போலவே இருக்காது, திரைச்சீலை காற்றில் நகர்வது மாதிரி இருக்கும். அவ்வளவு அழகான ஒன்று தன் முட்டையைத் தானே தின்னும் என்று எங்களால் நம்ப முடியவில்லை. முதல் மூன்று தடவையும் இலை மேலே வரிசையாக முட்டையிட்டு, செட்டையால் விசிறி, காவல் காத்து, எங்களையும் நம்ப வைத்துவிட்டுத் தின்றன. "பழகிக்கும் கலா. மொத மொத பெத்தா யாருக்குத்தான் தெரியும்?" என்று அப்பா அவற்றுக்காக வாதாடினார். அம்மா தையல் மெஷினிலிருந்து நிமிரவே இல்லை. "நான் இவள துன்னுட்டேனா?" என்றாள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.க்கு வந்த வருடம் அது. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. என்பது அந்தந்த வீட்டுக்கு ஒரு பண்டிகை மாதிரியும் ஒரு வியாதி மாதிரியும் நடத்தப்படும். கேபிள் இணைப்பைத் துண்டிப்பார்கள், விருந்தாளிகளை வரவேண்டாம் என்பார்கள். நான் அதுவரை தரையில் குப்புறப் படுத்துத்தான் படித்து வந்தேன். அம்மா ஒரு டேபிள் வாங்கிவிட்டாள். யாரோ வீடு காலி செய்யும்போது விற்ற பழைய மர டேபிள், நல்ல கனம். மாடிக்கு ஏற்றியும் ஆயிற்று, ஆனால் ரூமுக்குள் வைக்க இடமில்லை. படிக்கட்டின் திருப்பத்தில் நான்கு காலையும் தூக்கிக்கொண்டு அது தலைகீழாகக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் ஏறி இறங்க வேண்டும். "ஏனம்மா, ஈ டேபிள் யாவாக தெகீதீரா?" என்று, எப்போது எடுப்பீர்கள் என்று, ஆன்ட்டி தினமும் கேட்டார். கேட்டுக்கொண்டே அதன் கால்களில் துடைப்பத்தையும் மிதியடியையும் காயப்போட்டார்.

இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஜன்னலுக்குக் கீழே. அங்கே தொட்டி இருந்தது.

அம்மா சத்தம் போடவில்லை. தசரா லீவு முடிவதற்குள் தொட்டி போக வேண்டும், டேபிள் வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அப்பா மறுத்துப் பேச ஆரம்பித்தார், பிறகு என் பக்கம் பார்த்தார். மகளின் படிப்பா மீன்களா என்று கேட்டால் எந்த அப்பாவும் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். எனக்கோ டேபிள் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அம்மா அந்த டேபிளுக்காக எத்தனை பிளவுஸ் தைத்தாள் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அப்பா ஒரே ஒரு சலுகை கேட்டார். லீவுக்குள் ஒரு தடவையாவது குஞ்சு பொரித்து, அவை தப்பிப் பிழைத்துவிட்டால் தொட்டிக்கு வேறு வழி யோசிக்கலாம். இல்லையென்றால் தானே பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாக. அம்மா சரி என்றாள். அவளைப் பொறுத்தவரை அது நடக்கப் போவதில்லை.

இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் நான்காம் தடவை முட்டைகள் பஞ்சு பூத்தன. ஐந்தாம் தடவைக்கு நாங்கள் முன்கூட்டியே தயாரானோம். நான் ஒன்றாம் வகுப்பில் வைத்திருந்த சிலேட்டைச் சட்டம் கழற்றித் தொட்டிக்குள் சாய்த்து வைத்தோம். மீன்கள் இலையை விட்டுவிட்டு அதன் மேல் முட்டையிட்டன, கறுப்புப் பலகையில் யாரோ வெள்ளைப் புள்ளிக் கோலம் வைத்த மாதிரி. அப்பா சிலேட்டோடு முட்டைகளைத் தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவில் ஏந்தி எடுத்து, துணி ஊற வைக்கும் அகலமான 'டப்'புக்கு மாற்றினார். பாய் கொடுத்த நீல மருந்தைச் சொட்டு விட்டோம். மோட்டாரின் குழாயை இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தொட்டிக்கும் ஒன்றை டப்புக்கும் கொடுத்தோம். தாயும் தகப்பனும் தொட்டிக்குள் சிலேட்டைத் தேடி அலைந்தன. அவற்றின் செட்டைக்குப் பதிலாக, மோட்டாரின் குமிழிகள் முட்டைகளை விசிறின.

முதலில் முட்டைகளுக்கு வால் முளைத்தது. சிலேட்டில் தலை ஒட்டிக்கொண்டிருக்க வால்கள் மட்டும் துடித்தன, ஒரு வயல் முழுக்கக் காற்றில் ஆடுவது போல. சில நாட்களில் அவை ஒவ்வொன்றாகக் கழன்று, கீழே விழுந்து, எழுந்து, ஒரு காலையில் பார்த்தால் எல்லாம் நீந்திக்கொண்டிருந்தன. எண்ண முடியவில்லை. சீரகத்தை அள்ளித் தண்ணீரில் தூவியது போல் ஒரு கூட்டம், கண்கள் மட்டும் தெரிகிற கூட்டம். அப்பா அன்று வேலைக்குப் பிந்திப் போனார். அவித்த கோழிமுட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து ஊட்டினோம், அந்தத் துணி அம்மாவின் பால் வடிகட்டும் துணி. அவள் கண்டுபிடித்து, எடுத்துத் துவைத்து, வேறொரு துணியை டப்பின் பக்கத்தில் வைத்தாள். நான் பள்ளிக்குப் போகும் நேரங்களில் அவளேதான் ஊட்டினாள். கேட்டால், பட்டினி கிடக்கும் எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்றாள்.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அந்த நாளை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும், சக்கரம் உள்ள எல்லாவற்றுக்கும், சுவிட்சு உள்ள எல்லாவற்றுக்கும் அன்று பிறந்தநாள். அடுகோடிச் சந்துகளில் காலையிலிருந்தே மண்ணெண்ணெய் வாசனை. மெஷின்களைத் துடைத்து, குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ஷட்டருக்கு ஷட்டர் வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் மடி மடியாகக் கொடுப்பார்கள். பூஜை முடிந்ததும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி, காலையில் மறுபடி பூஜை போட்டுத்தான் மெயினை ஏற்ற வேண்டும். அதுவரை மெஷினுக்கு லீவு. யாரும் தொடக்கூடாது.

இந்த 'தொடக்கூடாது' அப்பாவுக்குச் சாதாரண விஷயம் அல்ல. அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது, நுனியும் கொஞ்சம் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு பட்டறையில் இருந்தபோது, அவசர வேலை என்று அப்போதைய முதலாளி பூஜை நாளன்று லேத்தைப் போடச் சொல்லியிருக்கிறார். அப்பா போட்டிருக்கிறார். அதற்குமேல் அவர் அந்தக் கதையைச் சொல்வதில்லை. வருடம் முழுவதும் சாமி பூதம் என்று எதுவும் பேசாத மனிதர், அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் எந்த மெஷினின் பக்கத்திலும் போகமாட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் அப்பா வந்து குளித்து, தையல் மெஷின், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், சைக்கிள், என் ஜியோமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மோட்டாருக்கும் வைத்தார். ஒவ்வொரு வருடமும் வைப்பார். கற்பூரம் காட்டிவிட்டு, ஒவ்வொரு வருடமும் போலவே மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுற்றி, பக்கத்தில் ஒரு செவ்வந்திப் பூவை வைத்தார். தொட்டியில் பெரிய மீன்கள் மட்டும் இருந்த வருடங்களில் ஒரு ராத்திரி மோட்டார் இல்லாமல் அவற்றுக்கு எதுவும் ஆனதில்லை. டப்பில் இருப்பது வேறு கணக்கு என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. பொரி சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டோம்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் என்னை எழுப்பியது பேச்சுச் சத்தம். அம்மாதான் முதலில் எழுந்திருக்கிறாள். மோட்டார் சத்தம் இல்லாமல் தூக்கம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள், இத்தனை வருடம் அந்தச் சத்தத்தைத் திட்டியவள். தண்ணீர் குடிக்க எழுந்தவள் கிச்சன் லைட்டைப் போட்டு, போகிற போக்கில் டப்பைப் பார்த்திருக்கிறாள். குஞ்சுகளில் பாதி மேலே வந்து, தண்ணீரின் தோலில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றன. மீதி அடியில், வெள்ளையாக, உதிர்ந்த மல்லிகை மொக்குகளைப் போலக் கிடந்தன.

நான் எழுந்து போனபோது அப்பா மோட்டாரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் பிளக் இருந்தது, சுற்றிய வயர் அவிழ்ந்து தொங்கியது. சுவிட்ச் போர்டுக்கும் அவர் கைக்கும் ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணை அவரால் கடக்க முடியவில்லை. இடது கையை, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இடுப்பு வேட்டிக்குள் ஒளித்துவைத்த மாதிரி வைத்திருந்தார். குஞ்சுகளைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். பெரிய மனிதர் ஒருவர் அழுகைக்கு முன்னால் எப்படி இருப்பார் என்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒரு தடவை போட்டால் ஒன்றும் ஆகாது என்று அம்மா சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து பிளக்கை வாங்கி, வயரைச் சுற்றி, பூவுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"நீங்க மெஷின தொடாதீங்க. தண்ணிய தொடலாம்ல?" என்றாள்.

கிச்சனுக்குப் போனாள். ஒரு சொம்பு, டப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த அந்தத் துணி, ஓட்டை உள்ள பழைய அலுமினிய இட்லித் தட்டு, மூன்றோடு வந்தாள். சொம்பின் வாயில் துணியைக் கட்டினாள், குஞ்சுகள் உள்ளே போய்விடாமலிருக்க. டப்பிலிருந்தே தண்ணீரை மொண்டாள். இட்லித் தட்டை ஒரு கையில் உயரப் பிடித்து, மறு கையால் அதன் மேல் ஊற்றினாள். தண்ணீர் ஓட்டைகள் வழியாக மழை மாதிரி டப்புக்குள் இறங்கியது. மறுபடி மொண்டாள், மறுபடி ஊற்றினாள். சூடான காப்பியை ஆற்றுகிற அதே கை, அதே உயரம், அதே பொறுமை. ஊற்ற ஊற்றத் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து போகும் என்று நான் பாடத்தில் படித்திருந்தேன். அவள் அதைப் படித்திருக்கவில்லை, காப்பி ஆற்றும்போது நுரை வருவதைப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கை கடுத்தது. நான் வாங்கிக்கொண்டேன். நான் ஓய்ந்தபோது மறுபடி அவள். அப்பா சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தார்.

"நின்னுட்டே இருந்தா? குளிச்சிட்டு வந்து பூஜைய போடுங்க" என்றாள் அம்மா.

"விடியட்டும் கலா."

"அடுகோடில விடிஞ்சிருக்கும், போய் குளிங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போன்ற ஒன்று வந்து போனது. பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு, துண்டோடு வந்து, எங்கள் வீட்டுச் சரித்திரத்திலேயே மிக வேகமான பூஜையைப் போட்டார். தையல் மெஷினுக்கும் மிக்ஸிக்கும் கற்பூரம் போகிற வழியில் காட்டப்பட்டது. மோட்டாருக்கு மட்டும் நின்று காட்டினார், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு பிளக்கைச் சொருகினார். 'ர்ர்ர்' என்று அது கிளம்பியது. குமிழிகள் ஏறின. அம்மா உடனே நிறுத்திவிடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், மோட்டாரை நம்பாதவள் போல, ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

வெளிச்சம் வந்ததும் பார்த்தோம். ஒரு கைப்பிடியளவு மிஞ்சியிருந்தது. அடியில் கிடந்தவற்றை அப்பா குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார், ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடாமல். எடுத்து முடித்துவிட்டு, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், இதைப் பிழைத்தது என்று சொல்ல முடியாது, லீவு முடிந்ததும் பாயிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

அம்மா சொம்பின் வாயிலிருந்து துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்து, பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமலே சொன்னாள்:

"டேபிள மேல வைங்க. தொட்டிய கீழ வைங்க. எதுக்கு ரெண்டுத்துக்கும் தனித்தனியா இடம்?"

அது ஏன் எங்களில் ஒருவருக்கும் முன்பே தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியாது. பட்டறைக்குப் பக்கத்து வெல்டிங் கடையில் அப்பா ஒரு இரும்பு ஸ்டாண்டு செய்தார். டேபிளின் கால்களைக் கழற்றி, பலகையை மேலே போட்டு, தொட்டியைக் கீழ்த்தட்டில் வைத்தோம். படிக்கட்டு காலியானதில் ஓனர் ஆன்ட்டிக்கு ஏகப்பட்ட சந்தோஷம், மிதியடி காயப்போட இடம் போனதில் கொஞ்சம் வருத்தம். எஸ்.எஸ்.எல்.சி. முழுவதும் நான் அந்தப் பலகையில்தான் படித்தேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஏஞ்சல்கள் நகர்ந்துகொண்டிருந்தன, பலகை வழியாக மோட்டாரின் அதிர்வு என் முழங்கைக்கு ஏறும், என் கையெழுத்தே அந்த வருடம் லேசாக நடுங்கும். குஞ்சுகள் வளர்ந்து, வயிறு வைத்து, செட்டை நீண்டு, பிறை மாதிரி ஆயின. இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சிவாஜிநகருக்குக் கொண்டுபோனோம். பாய் பையை வெயிலில் தூக்கிப் பார்த்து, வீட்டில் பொரித்ததா என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். "யார் வளத்தது?" என்று பாய் கேட்டபோது, "வீட்ல" என்றார். மனைவியை அப்படித்தான் சொல்லுவார்.

அதற்கடுத்த ஆயுத பூஜைக்குள் அப்பா இரண்டாவது மோட்டார் ஒன்றை வாங்கிவிட்டார், பச்சை நிறம். தன் பட்டறை நியாயப்படி ஒரு ஏற்பாடும் செய்தார். நீல மோட்டாருக்கு ஆயுத பூஜையன்று பொட்டு வைத்து லீவு கொடுத்துவிட வேண்டும். பச்சை மோட்டாருக்கு அன்று பொட்டு கிடையாது, ஆகவே லீவும் கிடையாது, அது ஓடும். மறுநாள் விஜயதசமிக்குப் பச்சைக்குப் பொட்டு, பச்சைக்கு லீவு, நீலம் வேலைக்குத் திரும்பும். பொட்டு வைக்காத மெஷின் லீவில் இருக்கும் மெஷின் அல்ல என்பது அவர் வாதம். ஷிஃப்ட் மாற்றிச் சாமி கும்பிடுகிற ஒரே ஆள் இவர்தான் என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். ஆனால் வருடா வருடம் எது எந்த ஷிஃப்ட் என்று நினைவு வைத்துக்கொண்டு, மாற்ற வேண்டிய நேரத்தில் குரல் கொடுத்தது அவள்தான்.

நான் பொறியியல் படித்தேன். இப்போது மருத்துவக் கருவிகள் செய்யும் ஓர் இடத்தில் வேலை. ஒரு கருவி எப்படியெல்லாம் நின்றுபோகலாம் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவது என் பொறுப்பு. கரண்ட் போவது, பேட்டரி தீர்வது, குழாய் மடங்குவது, யாராவது தவறி வயரைத் தட்டிவிடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் அதற்கான மாற்று ஏற்பாட்டை எழுத வேண்டும். மரியாதையினால் ஒருவர் அதை நிறுத்திவிடலாம் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. அந்த வரியை நான் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் சேர்த்துக்கொள்கிறேன். எதிரில் மாற்று ஏற்பாடு: சொம்பு, துணி, இட்லித் தட்டு.

போனவை பல. டப்பில் பிழைத்தவற்றின் வம்சம் நான் கல்லூரியில் இருந்தபோது ஒரு கோடையில், போர்வெல் தண்ணீரைக் கலக்க வேண்டிவந்த நாட்களில் முடிந்துபோனது. தொட்டி விரிசல் விட்டது. நீல மோட்டார் எரிந்துபோனது. அப்பா வேலை செய்த சந்தில் இப்போது பெண்கள் விடுதிகள் நிற்கின்றன, ஆயுத பூஜைக்கு அங்கே ஸ்கூட்டிகளுக்கு மாலை போடுகிறார்கள். சிவாஜிநகரில் அந்தச் சந்து இருக்கிறது, பாய் இல்லை. அப்பா போய் இரண்டு வருடங்கள் ஆகின்றன. நீலசந்திரா வீட்டைக் காலி செய்த நாளில் ஓனர் ஆன்ட்டி மாடிப்படி திருப்பத்தில் நின்று அழுதார்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள், ஓசூர் ரோட்டுப் பக்கம், ஒன்பதாவது மாடியில். போன வருடம் நான் மறுபடி ஒரு தொட்டி வைத்தேன். இரண்டு ஏஞ்சல்கள். நல்ல மோட்டார், கரண்ட் போனால் தானாகவே பேட்டரிக்கு மாறிக்கொள்ளும், சத்தமே கிடையாது, ஓடுகிறதா என்று குமிழியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே வந்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள், லிஃப்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள், ராத்திரியெல்லாம் ஹாலில் நடக்கிறாள். நான் டாக்டரிடம் காட்டினேன், கட்டிலை மாற்றினேன், திரையை மாற்றினேன்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு அவள் தொட்டியின் முன்னால் குங்குமச் சிமிழோடு வந்து நின்று, இதற்கு லீவு உண்டா என்று கேட்டாள். அந்த மோட்டாருக்கு அப்படி ஒன்று கிடையாது, நிறுத்தினாலும் பேட்டரியில் ஓடும் என்றேன். அவள் சரி என்று பொட்டை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தாள். அவள் நகர்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பரணில் ஏறி, இன்னும் திறக்காத ஒரு பெட்டியிலிருந்து பச்சை மோட்டாரை எடுத்தேன். அப்பா அடியில் ஒட்டிய சைக்கிள் டியூப் துண்டு அப்படியே இருந்தது. உள்ளே இருக்கும் ரப்பரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. புது மோட்டாரின் பேட்டரியைக் கழற்றி, வயரைச் சுற்றி, பக்கத்தில் ஒரு செவ்வந்திப் பூவை வைத்தேன். பச்சையைச் சொருகினேன். வீடு முழுக்க 'ர்ர்ர்' என்று அதிர்ந்தது, கண்ணாடி அலமாரியில் தம்ளர்கள் லேசாகக் கிணுகிணுத்தன.

அம்மா கிச்சனிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பச்சைக்கு நாளைக்குத்தான் பொட்டு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பச்சைக்குப் பொட்டு வைத்தோம். ஆனால் லீவு கொடுக்கவில்லை. இன்றைக்கு நிலவரம் இது: தொட்டியில் மீன்கள் இரண்டு, அவை ஜோடியா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை, முட்டை எதுவும் இல்லை. புது மோட்டார் இன்னும் லீவில் இருக்கிறது. பழையது ஓடுகிறது. அம்மா தூங்குகிறாள்.